ஆறு நிமிட நடை

யாழ்ப்பாணத்தில் மணிக்கட்டு வழியே உள்ளே போனார்கள்.
ஒரு மணித்தியாலம்கூட இல்லை.
அடைபட்டிருந்த இடம் திறந்து
கறுப்பு மை மளமளவென்று ஓடியதை
திரையில் நானே பார்த்தேன்.
மூன்றாம் நாள் வீட்டில்.

குழாய் சரி என்றார்கள்.
என்னைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

விசுவமடுவில்
என் வீட்டு விளக்குமாறு ஒளிந்துகொண்டது.
கிணற்று வாளியைக் கழற்றி
கோகுலா அடுப்படிக்குள் வைத்தாள்.
ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்த சனம்
செத்தவீட்டில் கதைக்கிற மாதிரி மெல்லக் கதைத்தது.
நான் கதிரையில் இருந்தபடி
நெஞ்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.
இடப்பக்கம் சரிந்து படுக்கப் பயம்.
படலைக்கு முப்பத்தெட்டு அடி.
போகவில்லை.

இப்போது சிரிப்பு வருகிறது.
பதினொரு வருசம் முகமாலையில்
கண்ணி எடுத்தவள் நான்.
சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் நடுவில்
முழந்தாளில் நகர்ந்தவள்.
எனக்கு என் முற்றமே
சிவப்புத் தடி நட்டுக் கிடந்தது.

செவ்வாயும் வெள்ளியும்
கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லித் துண்டு.
பஸ் காசு, அரை நாள், வெயில் என்று
இரண்டு கிழமை சாட்டுச் சொன்னேன்.
மூன்றாம் முறை மிசி தொலைபேசியில் ஏசினாள்.
அந்த ஏச்சுக்குத்தான் போனேன்.

ஒரு விறாந்தை.
இந்த முனையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை,
அந்த முனையில் ஒன்று.
இடையில் முப்பது மீற்றர்.
"ஆறு நிமிசம் நடவுங்கோ அன்ரி.
ஏலாட்டி நில்லுங்கோ,
ஆனா மணிக்கூடு நிக்காது"
என்றான் ஜெனிற்றன், பிசியோப் பெடியன்.
இருநூற்றுப் பத்து மீற்றர். இரண்டு தரம் நின்றேன்.
"களைப்பு எவ்வளவு?
ஆறில இருந்து இருபதுக்குள்ள ஒரு எண் சொல்லுங்கோ."
பயம் எவ்வளவு என்று கேட்டிருந்தால்
உடனே சொல்லியிருப்பேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தோளடியைக் காட்டினான்.
"இது ஸ்டென்ட் இல்லையே?"
அது கேளாமல் வந்த இரும்பு, தம்பி.
மற்றதுக்குத்தான் கையெழுத்து வைத்தேன்.

நீராவிப்பிட்டி றாசிக் நானா
எங்கும் போகாத சைக்கிளை மிதித்து மிதித்து
முல்லைத்தீவு வந்திட்டுதா என்று கேட்பார்.
இக்னேசியஸ் அண்ணர்
காதிடுக்குச் சுருட்டை ஜெனிற்றனிடம் கொடுத்துவிட்டு நடப்பார்,
முடிந்ததும் வாங்கிக்கொள்வார்.
ஆறாம் கிழமை வாங்க மறந்தார்.
மறந்தது போலவாவது இருந்தார்.

நிலத்தைக் கையளிக்கும் நாளில்
எங்கள் குழு வரிசையாய் அதன் மேல் நடக்கும்.
கண்ணி எல்லாம் எடுத்தாயிற்று என்று
கடதாசியில் எழுதியிருக்கும்.
ஆனாலும் உரிமைக்காரர்
எங்கள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.
நாங்கள் மறுகரை சேர்ந்த பிறகுதான்
ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு
தன் காணிக்குள் ஒரு காலை வைப்பார்.

பன்னிரண்டாம் கிழமை
நானூற்றுப் பதினைந்து மீற்றர்.
வீட்டுக்கு வந்து வாளியை எடுத்து
நானே கயிற்றில் முடிந்தேன்.
கோகுலா அடுப்படி வாசலில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
ஒரு வாளி. பிறகு இன்னொன்று.
"பன்னிரண்டு" என்றேன் சத்தமாக.
அவளுக்கு விளங்கவில்லை.
கப்புக் கட்டையைப் பிடித்தபடி அழுதாள்.

நல்லைநாதன் எனக்கு அடுத்த கட்டில்,
அதே நாள், அதே டொக்டர்.
இரண்டு வகுப்போடு நின்றுவிட்டார்.
குழாய் வைத்தாச்சு, இனியென்ன என்றாராம்.
நேற்று தருமபுரத்துக்குச் சைக்கிளில் போனேன்.
வழியில் ஒரு தரம் இறங்கி,
நாடி பார்த்து, திரும்ப ஏறினேன்.
ரீவிக்கு முன்னால் இருந்தார்.
கை நெஞ்சில், காது உள்ளே.
எனக்குத் தெரிந்த இருப்பு அது.
மனிசி சீனி போடாத தேத்தண்ணி தந்தா.

நாளைக்கு ஏழே கால் பஸ்,
படலையடியில் நில்லுங்கோ என்றேன்.
பதில் இல்லை.
படலைக்கு எத்தனை அடி என்று கேட்டேன்.

அறுபத்திரண்டு என்றார்,
திரும்பிப் பார்க்காமலே.